சித்தி கை வைத்துச் சொன்னது

எங்கள் வீட்டில் சித்தி என்றால் ஒருத்திதான். என் வீட்டுக்காரருக்கு அவள் சித்தி, எனக்குச் சித்தி, எங்கள் மகளுக்கும் சித்தி. முறை வைத்துப் பார்த்தால் ஒன்றுமே பொருந்தாது. பட்டப்பெயர் மாதிரி அது அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் என் வீட்டுக்காரரைச் சுமந்து பெற்றவள் அவள்தான். இது எங்கள் தெருவுக்குத் தெரியும், எதிர்வீட்டு டாக்ஸிக்காரருக்குத் தெரியும், முனையில் இருக்கிற ரொட்டிக் கடைக்காரருக்கும் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தெரியாதது தாள்களுக்கு மட்டும்தான். பிறப்புச் சான்றிதழில் தாயார் என்ற இடத்தில் சித்தியுடைய அக்காவின் பெயர் இருக்கிறது.

சித்திக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். அக்காவுக்கோ கல்யாணமாகி வெகுகாலம், பிள்ளை இல்லை. அக்கா வந்து தங்கையைக் கையோடு தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். "தகப்பன் முகம் பாக்காத பிள்ளைன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. உனக்கும் சின்ன வயசு, இன்னொரு வாழ்க்கை அமையும். பிள்ளை என் பேர்ல இருக்கட்டும்" என்றாளாம். சித்தி தலையை ஆட்டினாள். பிரசவம் அக்காவின் அறையிலேயே நடந்தது. அக்காவின் புருஷன் தச்சர், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர். அவர் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரையும் பெண்டாட்டி பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இன்னொரு வாழ்க்கை அமைய சித்தி இடம் கொடுக்கவில்லை. பிள்ளை இருக்கிற வீட்டை விட்டு அவள் எங்கே போவாள்? ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். காது கேளாத அளவுக்கு இரைச்சல் போடும் இயந்திரங்கள், சுவரில் எப்போதும் வேர்த்து வழியும் ஆவி. படுக்கை விரிப்புகளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கறை பார்ப்பதும், ஓட்டை பார்ப்பதும், மடிப்பதும் அவள் வேலை. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் கை நிற்கவில்லை. கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பையைக்கூட நான்காக மடித்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் வைப்பாள். கல்யாணமான புதிதில் என் கைக்குட்டை மடிப்பைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் அத்தனையும் புதிதாக மடிக்கப்பட்டு அலமாரியில் இருந்தன. எனக்கு வந்ததே கோபம். மாமியார் கொடுமை கேள்விப்பட்டிருக்கிறேன், மாமியார் என்று சொல்லிக்கொள்ள முடியாதவளின் கொடுமை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அந்த மடிப்பு இல்லாமல் எனக்கும் முடியாமல் போய்விட்டது.

தாளில் இருக்கிற மாமியாரை நான் அத்தை என்பேன். கெட்டிக்காரி, வாய்க்காரி, பாசக்காரி. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் வீட்டில் மற்றவர்கள் எப்படி இருப்பார்களோ அப்படித்தான் நாங்கள் இருந்தோம். பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் அத்தை போவாள், சித்தி வாசலில் நிற்பாள். எங்கள் கல்யாணப் போட்டோவில் அத்தை முன்வரிசையில் பட்டும் படாடோபமுமாக உட்கார்ந்திருக்கிறாள். சித்தி பின்வரிசை ஓரத்தில் எல்லோருடைய கைப்பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தை படுக்கையில் விழுந்தபோது மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். "தெரியும்மா. சின்ன வயசுலயே தெரியும்" என்றார் இவர். பிறகு, "நான் போனதுக்கப்புறமும் அவளைச் சித்தின்னே கூப்பிடு. இல்லன்னா நான் யாருடா?" என்றாள். இவர் சரி என்று கையைப் பிடித்துக்கொண்டார். சாகப் போகிறவளிடம் வேறு என்ன சொல்வது? ஆனால் அந்த வாக்கை இவர் அப்படியே காப்பாற்றினார். அத்தை போய் வருஷங்கள் ஆன பிறகும் சித்தி சித்தியாகவே இருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் ஆதிகுடிகள் சங்கத்தில் குழாய் வெடித்தது.

என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். சங்கம் என்பது ஆற்றங்கரையில் இருக்கும் பழைய கட்டடம். இந்த ஊரில் ஆளே இல்லாத காலத்தில் படகு கட்டிக்கொண்டு வந்து முதன்முதலில் குடியேறிய சில குடும்பங்களின் வழிவந்தவர்கள் நடத்துவது. கூடத்தின் சுவர் முழுக்க மரப்பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் மேலே முதலில் வந்தவர் பெயர், அதற்குக் கீழே அவர் பிள்ளை, அதற்குக் கீழே பேரன் பேத்தி என்று இன்றைக்கு உயிரோடிருப்பவர் வரைக்கும் எழுதியிருக்கும். இவர் ஏணியில் ஏறிச் சுவரை உடைத்துக்கொண்டிருக்கும்போது, நடுவிலேயே நின்றுபோன ஒரு பலகையைப் பார்த்தார். கடைசியாக எழுதியிருந்த பெயர் அத்தைக்கும் சித்திக்கும் தாத்தாவின் அப்பாவுடையது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் கைகூடக் கழுவவில்லை. "நாம முதல் படகுல வந்தவங்க" என்றார். "அதனால என்ன, கரண்ட் பில்லுல தள்ளுபடி தருவாங்களா?" என்று கேட்டேன். பெருமைக்கு எருமை மேய்க்கிற வேலை என்று எனக்குத் தோன்றியது. ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்று பார்க்காமல் எந்தக் குழாயையும் தொடாத மனுஷர் இவர். பலகை பாதியில் நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. தன் பெயர் வரைக்கும் எழுதச் சொல்லிச் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டார்.

சங்கத்தின் பதிவுகளைச் சரிபார்ப்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். ஊரில் அவருக்குச் சல்லடை என்று பெயர். அவர் சலித்தால் தூசிகூடத் தப்பாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றுக்கும் ஆதாரம் வேண்டும் என்றார். இவரும் வேலை முடிந்த கையோடு பதிவு அலுவலகம், ஆவணக் காப்பகம், கல்லறை என்று அலைந்தார். ஒரு பூட்டிக்கு இறப்புச் சான்று கிடைக்கவில்லை. "இன்னிக்கு இருந்தா அவங்களுக்கு நூத்தம்பது வயசுக்கு மேல ஆகும்ங்க, செத்துத்தானே போயிருப்பாங்க?" என்று இவர் கேட்டதற்கு, "சான்று வர்ற வரைக்கும் எங்களைப் பொறுத்தவரை அவங்க உயிரோடதான் இருக்காங்க" என்றார் சல்லடை. இவர் குழாய் தேய்க்கும் பிரஷை எடுத்துக்கொண்டு போய்க் கல்லறையில் பாசி பிடித்த கல் ஒன்றைத் தேய்த்து அந்தப் பூட்டியைச் சாகடித்துவிட்டு வந்தார்.

முதல் படகில் வந்த எங்கள் ஆள் என்ன வேலை செய்தார் என்பதும் கிடைத்தது. ஊரில் எல்லோரும் தங்கள் மூதாதை படகின் தலைவர் என்பார்கள். எங்களுடையவர் படகுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்து வெளியே கொட்டியவர். "பரவாயில்ல, பரம்பரைத் தொழில்தான் பாக்குறீங்க" என்றேன். இவரே சிரித்துவிட்டார். சித்திதான் சிரிக்கவில்லை. "அவர் இறைக்கலன்னா யாருமே வந்து சேந்திருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறினாள்.

எல்லாத் தாளும் சேர்ந்த பிறகுதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கடைசி இணைப்புக்குத் தாள் மட்டும் போதாது என்றார் சல்லடை. முதலில் வந்த குடும்பங்கள் கொண்டுவந்த ஆவணமெல்லாம் முதல் மழையிலேயே வெள்ளத்தில் போய்விட்டதாம். அப்போது ஒவ்வொரு குடும்பத்திலும் மூத்தவர் ஒருவர், படகிலிருந்து பிரித்தெடுத்த பலகைமேல் கை வைத்து, இவன் இன்னாருக்குப் பிறந்தவன், எனக்குத் தெரியும் என்று சொன்னாராம். அதை வைத்துத்தான் பதிவே ஆரம்பமானது. அதனால் இன்றைக்கும் விண்ணப்பிப்பவரைப் பெற்றது யார் என்பதை மட்டும் குடும்பத்து மூத்தவர் நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும். தாளைவிட அந்த வார்த்தைதான் பெரிது.

தச்சர் மாமாவும் போய்விட்ட பிறகு எங்கள் குடும்பத்தில் மூத்தவர் என்று மிச்சமிருப்பது சித்தி ஒருத்திதான்.

இவர் விஷயத்தை வீட்டில் வந்து சொல்லவில்லை. நான்தான் முகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கினேன். "விட்டுடலாம். பலகை அப்படியே நிக்கட்டும்" என்றார். சித்தி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "எதை விடணும்?" என்று கேட்டாள். சொன்னோம். அவள் ஒரு தலையணை உறையை மடித்து முடித்தாள். பிறகு, "அவ்வளவுதானே. அக்காவுக்குப் பிறந்தவன்னு சொல்லிட்டாப் போச்சு. வழி ஒண்ணுதானே, அவளும் நானும் ஒரே அப்பா மக்கள்தானே" என்றாள்.

இவர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊமையா இருந்தது போதாதா? இப்ப வாயால வேற சொல்லணுமா? உங்களுக்குக் கோபமே வராதா சித்தி?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கோபம்?" என்றாள். "பெத்துட்டு எங்கயோ தூரத்துல இருக்கிறவங்க எத்தனை பேரு. நான் ஒரே வீட்ல இருந்தேன். அவன் சாப்பிட்டதைப் பாத்தேன், தூங்கினதைப் பாத்தேன். அவன் சட்டையெல்லாம் நான்தான் துவைச்சேன்."

"ஒரு தடவைகூட ஆசையா இருந்ததில்லையா?"

சித்தி கையில் இருந்த துண்டை மடித்து வைத்தாள். "இருந்துச்சு. இல்லாம இருக்குமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அழுதுவிட்டு வந்து இவரிடம் சண்டை போட்டேன். "பேச வேண்டியது நீங்க. அவங்க சொல்ல மாட்டாங்க. நீங்களும் வாயைத் திறக்கலன்னா அவங்க கண்ணை மூடற வரைக்கும் எந்தத் தாள்லயும் தாயா இருக்க மாட்டாங்க" என்றேன். "அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு கண்ணில் தெரிகிறது, உயிரோடு எதிரில் இருக்கிறவள் தெரியவில்லையா என்று கேட்டேன்.

அடுத்த சில நாள் சித்தி அந்த வாக்கியத்தைப் பாடம் பண்ணினாள். துணி தேய்க்கும்போது, பீன்ஸ் நறுக்கும்போது, "இவன் எங்க அக்காவுக்குப் பிறந்தவன், எனக்குத் தெரியும்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். தண்ணீர் சொட்டினால் தூக்கம் வராத என் வீட்டுக்காரர், அவள் குரல் கேட்காமலிருக்க அடுப்படிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். கேட்கட்டும், நன்றாகக் கேட்டு வேகட்டும் என்றிருந்தேன்.

அந்த நாள் வந்தது. கூடத்தில் நீளமான மேஜை, அதன் நடுவில் அந்தப் பழைய படகுப் பலகை. சல்லடை பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சங்கத்துத் தலைவர், ஊரில் மருந்துக் கடை வைத்திருப்பவர். அவர் எங்கள் விண்ணப்பத்தை முன்னமே படித்துவிட்டுக் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் எதிரில் நின்றோம்.

சித்தி பலகைமேல் கை வைத்தாள். வைத்தவள் பழக்க தோஷத்தில் அதை ஒரு தடவை நீவிவிட்டாள். பிறகு, தடுமாறாமல், "இவன் எங்க அக்காவுக்குப் பிறந்தவன். எனக்குத் தெரியும்" என்றாள்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர், "நல்லது, முடிஞ்சுது" என்று எழப் போனார். சல்லடை விடுவாரா? "ஒரு நிமிஷம். எப்படித் தெரியும்னும் எழுதணும். குழந்தை பிறந்தப்ப நீங்க கூட இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"இருந்தேன்" என்றாள் சித்தி.

"அதே ரூம்லயா?"

"அதே ரூம்லதான்."

"எங்க நின்னுக்கிட்டிருந்தீங்க?"

இந்தக் கேள்விக்கு அவள் பாடம் பண்ணி வரவில்லை. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். "நிக்கலைங்க, படுத்திருந்தேன்."

சல்லடையின் பேனா நின்றது. தலைவர் மறுபடி உட்கார்ந்தார். என்ன சொல்லிவிட்டோம் என்பது சித்திக்கு அப்புறம்தான் உறைத்தது. பலகையிலிருந்து கையை எடுக்கவும் தெரியாமல் நின்றாள்.

"அப்ப உங்க அக்கா?" என்று சல்லடை மெதுவாகக் கேட்டார். இத்தனை நாளில் அந்த அம்மாவின் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"அவ நின்னுக்கிட்டிருந்தா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் அழுதா அவளும் அழுதா."

"நான் திரும்பக் கேக்க வேண்டியிருக்கு. இவர் யாருக்குப் பிறந்தவர்?"

சித்தி மகனைப் பார்த்தாள். தப்புப் பண்ணிவிட்டுப் பார்க்கிற பார்வை அது. "அக்கா பேரையே எழுதிக்குங்க. அவ பேரை எடுத்துட்டா அவ பிள்ளை இல்லாதவளா ஆயிடுவா. அது பாவம்" என்றாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "ஒண்ணும் ஆக மாட்டாங்க சித்தி" என்றார். "பள்ளிக்கூட சர்டிபிகேட்டுல அவங்க பேருதான் இருக்கு. கல்யாணப் பதிவுல இருக்கு. வீட்டுப் பத்திரத்துல இருக்கு. பாஸ்போர்ட்டுல இருக்கு. அது எல்லாத்துலயும் அவங்களே இருக்கட்டும், நான் ஒண்ணையும் மாத்த மாட்டேன். இது ஒண்ணுல நீ இரு."

சித்தி வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"பலகைமேல கை இருக்கு பாரு. உள்ளதைச் சொல்லு" என்றார்.

அவள் உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். "இவன் எனக்குப் பிறந்தவன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து மூச்சை இழுத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்" என்றாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். பிறப்புச் சான்றிதழ் வேறு மாதிரி இருக்கிறதே என்று அவர் ஆரம்பித்ததைச் சல்லடை பார்வையாலேயே நிறுத்திவிட்டார். பிறகு சித்தியின் பெயரைக் கேட்டார். வெகு நாளாக யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் சொன்னாள். சல்லடை ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதிவிட்டு, சரியா பாருங்க என்று தாளை அவள் பக்கம் திருப்பினார். சித்தி குனிந்து பார்த்தாள். தொடவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்து எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை.

அத்தைமேல் எனக்கிருந்த கோபமும் அந்த நேரத்தில் எங்கோ போய்விட்டது. தங்கை வலியில் துடிக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுத ஒரு பெண்தான் கண்முன் நின்றாள். அவளும்தான் என்ன செய்வாள், பாவம்.

சித்தி இன்னும் நின்றுகொண்டே இருப்பதை இவர் பார்த்தார். சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் போட்டார். "அம்மா, உக்காரு" என்றார்.

சித்தி சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தாள். மகன் அம்மா என்று கூப்பிட்டால் அக்கா வந்திருக்கிறாள் என்றுதான் அவளுக்குத் தெரியும். வாசலில் யாரும் இல்லை. மறுபடி திரும்பி மகனைப் பார்த்தாள். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்.